விசுவாசித்தால் சுகமா, சித்தமிருந்தால் சுகமா?

ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் காதில் விழும். முதலாவது, "விசுவாசிங்க, ஆண்டவர் சுகம் கொடுப்பார்." இது அட்மிஷன் போட்ட நாளிலிருந்து டாக்டர் கையை விரிக்கும் நாள்வரை. இரண்டாவது, "எல்லாம் கர்த்தருடைய சித்தம்." இது அதற்கு அப்புறம். பல சமயம் இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். நடுவில் ஒரு வாரம் போயிருக்கும், அவ்வளவே. சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இதைக் கேட்டுக் குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விசுவாசித்தால் கிடைக்கும் என்றால் கடைசியில் சித்தம் எங்கிருந்து வந்தது? சித்தப்படிதான் நடக்கும் என்றால் மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தது எதற்கு?

வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்குமே பைபிளில் இடம் இருக்கிறது, அதுவும் ஒரே நிருபத்தில், அதாவது ஒரே கடிதத்தில். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் மொத்தமே 5 அதிகாரம். நான்காம் அதிகாரத்தில், நாளைக்கு இன்ன பட்டணத்துக்குப் போவோம், வியாபாரம் செய்வோம், லாபம் பார்ப்போம் என்று கணக்குப் போடுகிறவர்களிடம் அவர் சொல்கிறார்: "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்" என்று பேசுங்கள். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் பேச்சுக்குப் பேச்சு 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்பது இந்த வசனத்தின் வாசனைதான். ஒரு பக்கம் தள்ளி, ஐந்தாம் அதிகாரத்தில், வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்கிறார். எழுதிய கை ஒன்று. அவருக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. நமக்கு ஏன் தெரிகிறது?

விசுவாசம் யாருடையது?

விசுவாசத்தை நாம் ஒரு அளவு போலப் பேசிப் பழகிவிட்டோம். 'அவருக்கு விசுவாசம் ஜாஸ்தி', 'உனக்கு விசுவாசம் குறைச்சல்' என்று, ஏதோ ரத்தப் பரிசோதனையில் வரும் ஹீமோகுளோபின் மாதிரி. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்கான சொல் 'பிஸ்டிஸ்'. ஒருவரை நம்பிச் சாய்வது, அவருக்கு உண்மையாக இருப்பது, இரண்டும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. ராத்திரி பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடுகிறவர் டிரைவரை நம்புகிறார். எந்த வழியாக, எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேருவோம் என்பதில் அவருக்கு நிச்சயம் இருக்க வேண்டியதில்லை. 'இது நடந்தே தீரும்' என்று மனதை முறுக்கேற்றிக்கொள்வதை விசுவாசம் என்று நினைத்தால் நாம் டிரைவரை விட்டுவிட்டு டைம்டேபிளை நம்புகிறோம்.

சரி, சுவிசேஷக் கதைகள் என்ன சொல்கின்றன? விசுவாசத்துக்கும் சுகத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு எல்லாரும் காட்டும் கதை மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 12 வருடமாக உதிரப்போக்கால் கஷ்டப்பட்ட ஒரு பெண், வைத்தியர்களிடம் கையிருப்பு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, கூட்டத்தில் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். குணமாகிறாள். "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறார் இயேசு. இங்கே 'இரட்சித்தது' என்பதற்கான கிரேக்கச் சொல் நோய் நீங்குவதையும் குறிக்கும், ஆபத்திலிருந்து காப்பாற்றப்படுவதையும் குறிக்கும், ஆத்தும மீட்பையும் குறிக்கும். யாக்கோபு எழுதிய "பிணியாளியை இரட்சிக்கும்" என்பதிலும் அதே சொல்தான். ஆகவே அந்த வாக்குறுதி உடம்போடு மட்டும் நின்றுவிடுகிறதா என்ற கேள்வி சொல்லிலேயே இருக்கிறது.

ஆனால் இந்த ஒரு கதையை வைத்து 'விசுவாசம் போட்டால் சுகம் வரும்' என்று சூத்திரம் எழுதினால் மற்ற கதைகள் அடுத்த பக்கத்திலேயே அதைக் கலைத்துவிடும். மாற்கு 2-இல் வீட்டுக் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் கீழே இறக்குகிறார்கள். இயேசு 'அவர்கள்' விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் வாயைத் திறந்ததாகவே இல்லை. யோவான் 5-இல் பெதஸ்தா குளத்தருகே 38 வருடமாக வியாதியாய்க் கிடந்த மனிதன், தன்னைக் குணமாக்கியது யார் என்றுகூடத் தெரியாமல் எழுந்து போகிறான். அந்த மண்டபங்களில் குருடர், சப்பாணிகள் என்று இன்னும் எத்தனையோ பேர் படுத்திருந்தார்கள். அன்று எழுந்ததாகச் சொல்லப்படுவது அவன் ஒருவன்தான். நான்கு நாள் கல்லறையில் கிடந்து, இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் விசுவாசத்தைப் பற்றி நாம் பேச வேண்டியதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மாற்கு 9-இல் வரும் தகப்பன். மகனுக்கு வலிப்பு மாதிரி ஒரு கொடுமை. சீஷர்களிடம் கொண்டுவந்தான், அவர்களால் முடியவில்லை. இயேசுவிடம் கண்ணீரோடு அவன் சொல்வது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம். அது போதுமானதாக இருந்தது. அதே சம்பவத்தை மத்தேயு சொல்லும்போது, எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்ட சீஷர்களிடம் இயேசு அவர்களுடைய அவிசுவாசத்தைச் சுட்டுகிறார். கடுகுவிதை பற்றிய வார்த்தை அங்கேதான் வருகிறது. அதாவது கண்டிப்பு போய் விழுந்தது ஜெபிக்க வந்தவர்கள்மேல். நோயாளிமேலும் இல்லை, அவனைப் பெற்றவன்மேலும் இல்லை. யாக்கோபு 5-ஐயும் இதே கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மூப்பர்களைக் கூப்பிட்டு அனுப்புவது. ஜெபிப்பது மூப்பர்கள். அப்படியானால் சுகம் வராதபோது 'விசுவாசம் குறைச்சல்' என்று யாரையாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், எண்ணெய்க் குப்பியோடு வந்தவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. கீமோ வார்டில் முடி கொட்டிப்போய்ப் படுத்திருப்பவரிடம் போய் 'எங்கேயோ அவிசுவாசம் இருக்கு, சோதிச்சுப் பாருங்க' என்கிறார்கள். நான் நேரில் கேட்டிருக்கிறேன். அதற்கு வேதத்தில் ஆதாரம் தேடினால், துன்பத்தில் கிடந்த யோபுவிடம் உன் பாவம்தான் காரணம் என்று வாதாடிய அவனுடைய மூன்று சிநேகிதர்கள்தான் கிடைப்பார்கள். அவர்களையோ கடைசி அதிகாரத்தில் தேவனே கடிந்துகொள்கிறார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நாசரேத்தில் ஜனங்களுடைய அவிசுவாசத்தினிமித்தம் இயேசு அதிகம் அற்புதம் செய்ய முடியாமல் போயிற்று என்று மாற்கு 6 சொல்கிறது. ஆகவே விசுவாசம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே நடந்தது, 'இவன் தச்சன் அல்லவா' என்று ஊரே அவரை ஒதுக்கியது. கேட்டு வந்த ஒரு நோயாளியை 'உன் விசுவாசம் பற்றாது' என்று அவர் திருப்பி அனுப்பியதாக நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு இடம்கூட இல்லை. அந்த நாசரேத்திலேயே சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று அதே வசனம் சொல்கிறது.

சித்தம் என்றால் தலையெழுத்தா?

இப்போது மறுபக்கம். இறையியலில் இதைத் தேவனுடைய 'இறையாண்மை' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நாட்டின் எல்லையும் அரசியல் சாசனமும் ஞாபகம் வரும். சபையில் புழங்கும் சொல் 'சித்தம்'. கத்தோலிக்கர்கள் 'திருவுளம்' என்பார்கள். உலகத்தில் எதுவும் தேவனுடைய ஆளுகைக்கு வெளியே நடப்பதில்லை, அவரை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்த முடியாது என்பது இதன் சாரம். ஜெர்மனியில் 1563-இல் வெளியான ஹைடல்பெர்க் வினாவிடை என்ற போதனை நூல், மழையும் வறட்சியும், ஆரோக்கியமும் நோயும் தற்செயலாக வருபவை அல்ல, ஒரு தகப்பனின் கையிலிருந்து வருபவை என்று சொல்லித் தருகிறது. 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினைப் பின்பற்றும் சபைகள் இன்றும் இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றன.

தமிழ்க் காதுக்கு இது உடனே 'விதி' என்று கேட்கும். தலையில் எழுதியதை அழித்தா எழுதுவது என்று கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். ஆனால் விதிக்குக் காது இல்லை. இங்கே பேசப்படுகிற சித்தம், காது உள்ள ஒருவருடையது. பழைய ஏற்பாட்டில் வரும் எசேக்கியா ராஜாவின் கதையில் இது தெளிவாகத் தெரிகிறது. மரிக்கும் அளவுக்கு வியாதி. ஏசாயா தீர்க்கதரிசியே வந்து, வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்திக்கொள், நீர் பிழைக்கமாட்டீர் என்று சொல்லிவிட்டார். ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுதான். ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுவதற்குள் மறுசெய்தி வந்தது: 15 வருடம் கூட்டித் தரப்படுகிறது. அப்புறம் என்ன நடந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார், அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள். தேவனுடைய தீர்மானம், மனிதனின் கண்ணீர், வைத்தியம் மூன்றும் ஏழு வசனங்களுக்குள் வந்துவிடுகின்றன.

சித்தத்துக்கு விடுவது விசுவாசக் குறைவு என்று ஒரு பேச்சு உண்டு. "சித்தமானால் என்று ஜெபிக்காதீர்கள், அது சந்தேகத்தின் ஜெபம்" என்று மேடையில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மத்தேயு 8-இல் ஒரு குஷ்டரோகி வந்து விழுந்து சொன்னது என்ன தெரியுமா? "ஆண்டவரே! உமக்குச் சித்தமானால், என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்." முடியுமா என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை. செய்வாரா என்பதை அவரிடமே விட்டான். இயேசு அவனைத் திருத்தவில்லை, "எனக்குச் சித்தமுண்டு" என்று தொட்டார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் சொந்த ஜெபமும் இதே அமைப்பில்தான் இருக்கிறது: இந்தப் பாத்திரம் நீங்கட்டும், ஆனாலும் என் சித்தப்படி வேண்டாம். இங்கே 'நீங்கட்டும்' என்ற பாதியையும் கவனிக்க வேண்டும். சித்தத்துக்கு விடுகிறவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவதும் உண்டு. அது கீழ்ப்படிதலா, சலிப்பா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

சித்தத்தின் கணக்கு நமக்குப் புரியும்படி இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு என்ற அப்போஸ்தலனை (மேலே சொன்ன நிருபத்தை எழுதியவர் வேறு) ஏரோது வாளுக்கு இரையாக்குகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கூட்டி வருகிறான். ஒரே சபை, ஒரே ஏரோது, இரண்டு முடிவுகள். ஏன் என்று, இதை எழுதிய லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. இதில் ஒரு நகைச்சுவையும் இருக்கிறது. பேதுருவுக்காக ராத்திரி ஜெபித்துக்கொண்டிருந்த வீட்டின் கதவை அவரே வந்து தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் ஓடிப்போய்ச் சொன்னால், ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். கேட்டவர்களே நம்பவில்லை. இருந்தாலும் பேதுரு வாசலில் நிற்கிறார்.

புதிய ஏற்பாட்டு நிருபங்கள் பலவற்றை எழுதிய அப்போஸ்தலன் பவுலின் வாழ்க்கையும் இப்படித்தான். அவர் கையால் பலர் சுகமானார்கள். ஆனால் 'மாம்சத்திலே ஒரு முள்' என்று அவர் சொன்ன தன் உபத்திரவத்துக்காக மூன்று தரம் ஜெபித்தும் கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று ஒரு கடிதத்தில் சாதாரணமாக எழுதுகிறார். அடிக்கடி வயிற்றுக் கோளாறு வந்த தீமோத்தேயுவுக்கு அவர் சொன்னது, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள். இவர்கள் யாருக்கும் விசுவாசம் போதவில்லை என்று அவர் எழுதவில்லை.

சபைகள் ஏன் பிரிந்து பேசுகின்றன?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஏ. பி. சிம்ப்சன் போன்றவர்கள், இயேசு இரட்சகர் மட்டும் இல்லை, சுகமளிக்கிறவரும்கூட என்று அழுத்திப் போதித்தார்கள். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் கிளம்பி, பெந்தெகொஸ்தே இயக்கத்தைப் பரப்பிய எழுப்புதல் அந்தப் போதனையை உலகமெங்கும் கொண்டுபோனது. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற ஏசாயா 53-ஆம் அதிகார வசனம் இவர்களுக்கு ஆதாரம்: பாவமன்னிப்பைப் போலவே சுகமும் சிலுவையில் வாங்கப்பட்டாயிற்று. பிற்பாடு கென்னத் ஹேகின் போன்றவர்கள் இதை இன்னும் ஒரு படி தள்ளி, வாங்கியாயிற்று என்றால் வாயால் அறிக்கையிட்டு உரிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார்கள். வியாதியைப் பற்றி வாய்விட்டுச் சொல்வதே அவிசுவாசம் என்ற பழக்கம் இங்கிருந்து வந்தது. எதிர்முனையில் பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்ஃபீல்டு, அற்புத வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்று 1918-இல் வாதிட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு பாதை. ஒரு காலத்தில் சாகக்கிடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகிப்போயிருந்த 'அவஸ்தைப்பூசுதல்' என்ற எண்ணெய் பூசும் சடங்கு, 1960-களில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 'நோயில்பூசுதல்' என்று பழைய அர்த்தத்துக்குத் திரும்பியது. வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதாவுக்குக் கண், கை, கால் உருவங்களைக் காணிக்கையாக வைப்பவர்களைப் பார்த்திருப்போம். ஆனால் 'இது அற்புதம்' என்று அதிகாரபூர்வமாகச் சொல்வதில் ரோமாபுரி மகா கஞ்சன். பிரான்சில் லூர்து நகரில் 1858 முதல் லட்சக்கணக்கான நோயாளிகள் போயிருக்கிறார்கள், ஆயிரக்கணக்கானோர் சுகமானதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்து, ஆயர்கள் ஒப்புக்கொண்டவை எழுபதுக்குச் சற்று மேல்தான்.

நம்மூர் சுகமளிக்கும் கூட்டங்களில் இந்தக் கஞ்சத்தனத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் நல்லது என்று எனக்குத் தோன்றும். சாட்சி சொல்ல மைக் கிடைப்பது சுகமானவர்களுக்குத்தான். வந்தபடியே திரும்பிப் போனவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள்.

இந்தத் தரப்புகளுக்கு நடுவே பவுலின் ஒரு சொல் எனக்கு உதவியாக இருக்கிறது: முதற்பலன். ரோமர் 8-இல், ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும்கூட சரீர மீட்புக்காகக் காத்துத் தவிக்கிறோம் என்கிறார். அறுப்பின் பண்டிகை அன்று கோவிலுக்கு வரும் முதல் வாழைத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிஜமான தார், காட்சிப்பொருள் இல்லை. ஆனால் தோட்டம் முழுவதும் இன்னும் வெட்டியாகவில்லை. சுகமானவர்கள் முதல் தார். மற்றவர்களுக்கு இல்லை என்று ஆகிவிடவில்லை, உயிர்த்தெழுதலில் முழு விளைச்சலும் வரும் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. லாசருவும் எசேக்கியாவும்கூடப் பிறகு இறந்துதானே போனார்கள்? இங்கே கிடைக்கிற எந்தச் சுகமும் கடைசிச் சுகம் ஆகாது. சுகமளிக்கும் ஊழியத்துக்குப் பேர்போன அமெரிக்கப் போதகர் ஜான் விம்பர் இதைத்தான் போதித்தார். அவருக்கே புற்றுநோயும் இருதய நோயும் வந்தன, 1997-இல் காலமானார். அதற்காக அவர் ஜெபிப்பதை விடவில்லை.

ஜெபத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 6 ஆஸ்பத்திரிகளில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேரை வைத்து ஹெர்பர்ட் பென்சன் குழு நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஜெபிக்கப்படுவார்களா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. ஜெபிக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கு 59. சிலர் சிரித்தார்கள், சிலர் தேவனைச் சோதிக்கக் கூடாது என்றார்கள். சொந்தச் சித்தம் உள்ள ஒருவரை மில்லிகிராம் கணக்கில் அளக்க முடியாது என்பது நியாயமான பதில். ஆனால் அப்படிச் சொல்கிறவர், தன் சபையில் சுகமானவர்களின் எண்ணிக்கையைப் போஸ்டரில் போடக் கூடாது.

மருந்து விஷயத்தில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. மருந்தே தொடாத ஊழியர்கள் இருக்கும் சபைகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. அது அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்ட தீர்மானம். ஆனால் இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ விசுவாசத்தைக் காட்டுவதற்காக நிறுத்தச் சொல்லும் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். அத்திப்பழ அடையும் மருந்துதான்.

டோனாவூரில் ஒரு அறை

அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் 1901-இலிருந்து நெல்லைச் சீமையின் டோனாவூரில் இருந்தார். ஆதரவற்ற பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் எடுத்து வளர்த்தார். 1931-இல் ஒரு நாள், பக்கத்திலுள்ள களக்காட்டில் மருந்தகம் வைப்பதற்கான ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டிவிட்டது. தோண்டக் கூடாத இடத்தில் தோண்டியிருந்த ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அவருக்கு அப்போது 63 வயது. பிள்ளைகளும் உடன்வேலை செய்தவர்களும் ஜெபித்தார்கள். பழைய நடமாட்டம் திரும்பவே இல்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருடம் பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடு. அந்த வளாகத்திலேயே எழுந்த ஆஸ்பத்திரிக்குப் பெயர் பரம சுகசாலை.

படுக்கையிலிருந்து அவர் நிறைய எழுதினார். அதில் ஒன்றை அவர் ஆரம்பித்ததற்குக் காரணம், நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் நோயாளிகளுக்கு எழுதி அனுப்பும் ஆறுதல்கள் படுத்துக் கிடப்பவருக்குப் போய்ச் சேருவதில்லை என்று கண்டதுதான். ஆகவே ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக அதை எழுதினார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த விவரம் பயன்படும். யாக்கோபு சொன்னபடி, கூப்பிட வேண்டியது நோயாளி. ஆகவே போனதும் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். சுகத்துக்காக என்றால் வெட்கப்படாமல், 'ஆனால்' போடாமல், சுகத்தைக் கேளுங்கள். வலி குறைய என்றால் அதற்கு. இன்று ராத்திரி தூக்கம் வர என்றால் அதற்கு. ஒன்றும் வேண்டாம், சும்மா உட்காருங்கள் என்றால் உட்காருங்கள். காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது இல்லை. அப்புறம் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள், அவருக்கு அசதியாக இருக்கும்.